பலகை

மாதிரி எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
பச்சை மூடிக் குழாய்,
தெர்மாகோல் பெட்டியில், நீடாமங்கலத்திலிருந்து
மன்னார்குடி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
தஞ்சாவூர் வந்தது,
கல்லணையில் தண்ணீர் திறந்ததற்கு மறுநாள்.

செல்களை ஒரு நாள் வளரவிட்டேன்.
பிரியப் போகிற கணத்தில் பிடித்து நிறுத்த
காந்தள் விஷத்தின் தம்பி முறை மருந்து, ஒரு சொட்டு.
வேதாரண்யத்து மணலில் வேலியோரம் எரிகிற
அந்தப் பூவின் விதையிலும் இந்தக் குணம்தான்.
கைகோத்துப் பிரிய வந்தவை
கோத்தபடியே நின்றன.

கண்ணாடித் தகட்டில் நாற்பத்தாறு வரிப்பூச்சி.
ஜோடி சேர்ப்பது என் வேலை.
எட்டு வரை சரி.
ஒன்பதில் ஒன்றுக்கு வால் நீளம்.
இருபத்திரண்டில் ஒன்றுக்கு வால் இல்லை.
இருபது செல் எண்ணினேன்,
இருபதிலும்.

எதுவும் தொலைந்துபோகவில்லை,
அதுதான் உறுத்தியது.
எழுத்தெல்லாம் இருக்கிறது;
பலகை என்று படிக்கவேண்டிய இடத்தில்
யாரோ மூச்சு விட்டதில்
பல கை ஆகிவிட்டதைப் போல.

ரிசல்ட்டை டாக்டரிடம்தான் தரவேண்டும்.
ஆள் மாடியேறியே வந்துவிட்டார்:
உத்திராபதி, வயது ஐம்பத்து மூன்று,
மூணாறு தலைப்பில் லஸ்கர்.
இடது விலாவைக் கையால் தாங்கியபடி.
மண்ணீரல் அந்த அளவுக்கு.

நான் வாய் திறப்பதற்குள்
விரல் இருபத்திரண்டில் நின்றது.
"இது ஏன் மேடம் குட்டை?"
கிளைவாய்க்கால் வரைபடம் பார்த்துப் பழகிய கண்.

சொன்னேன்:
ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நூல்.
அள்ளித் திணித்ததில்லை,
மடித்து, வரப்புப் போட்டு,
இந்த வாய்க்கால் இந்த வயலுக்கு என்று.
ஒன்பதும் இருபத்திரண்டும் அங்கே
பக்கம் பக்கமாக ஓடுமாம்.
ஒரு நாள் இரண்டிலும் உடைப்பு.
கரை கட்ட ஓடிவந்தவர்கள், இருட்டு, அவசரம்,
இதன் முனையை அதனோடு வைத்துக் கட்டிவிட்டார்கள்.
ஒன்பதில் ஒரு மதகு உண்டு,
எப்போதாவது திறப்பது.
இடம் மாறியதில் பலகை போய்விட்டது.
இப்போது மூடுவதே இல்லை.

"அன்னிக்கு யாரு டூட்டி?"

யாரும் இல்லை என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, எல்லாரும் இருந்தார்கள் என்றேன்.
இரண்டுமே சரியான பதிலாக இல்லை.

"ஒரு எடத்துலதான பெசகு, பிரிச்சு மறுபடி கட்டலாமுல்ல?"
அந்த ஒரு செல்லின் வாரிசு
இப்போது கோடிக்கணக்கில் என்றேன்.
மாத்திரை இருக்கிறது.
மதகு வாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.
விட்டுவிட்டால் திறந்துகொள்ளும்.
தினமும் போட வேண்டும்.
"எத்தினி நாளைக்கி?"
இருக்கிற நாளைக்கு.

சிரித்தார். விலா வலித்திருக்கும்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
"ஒடப்பக் கட்ட முடியாது, தெனம் அடைச்சிக்கிட்டே கெடக்கணும்.
இருபத்தெட்டு வருஷமா கவர்மெண்டு எனக்கு
இதுக்குத்தான சம்பளம் குடுக்குது."

படத்தில் ஒரு பிரதி கேட்டார்,
ஷெட்டில், தண்ணீர் அளவு எழுதும் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க.
தரக்கூடாது.
தந்தேன்.

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள்
அடுத்த தகட்டை வைத்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
திருத்துறைப்பூண்டி, பெண், வயது ஏழு.
ஐந்து குரோமோசோம்கள் ஒன்றுக்குள் ஒன்று.
அந்தப் பின்னலுக்குக் கையேட்டில் பெயர் இல்லை,
மாத்திரையும் இல்லை.
அவளுக்குச் சொல்ல என்னிடம்
வாய்க்கால் இல்லை, மதகு இல்லை.

ஜன்னலுக்கு வெளியே புதாற்றில்
முதல் தண்ணீர் வந்துவிட்டதென்று
கீழே டீக்கடையில் யாரோ கத்தினார்கள்.
வைக்கோல், செருப்பு, நுரை எல்லாம்
முன்னால் வந்திருக்கும்.
எழுந்து பார்க்கவில்லை.
ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன்.