வரி 212

யாத்விகா வ்ரோனா.
வ்ரோனா என்றால் காக்கையாம் அவர்கள் பாஷையில்.
லண்டன்பேட்டை மாடியறையில்
ஒன்பது நாளாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
போலிஷ் எனக்குத் தெரியாது.
கீழே ஆங்கிலம் ஓடும்
அதன்மேல் தமிழை ஏற்ற வேண்டும்
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து
வரிக்கு நாலு ரூபாய்.

பத்தொன்பது வயதில் டிராம் கண்டக்டராக ஒரே காட்சி,
சில்லறை இல்லை என்பாள்.
அப்புறம் போர்வீரனின் மனைவி,
மூன்று படத்தில் மூன்று வீரனுக்கு.
ராணுவம் தெருவில் நின்ற வருஷம்
டிவியில் நடிக்க மாட்டேனென்று
ரொட்டிக் கடையில் மாவு பிசைந்திருக்கிறாள்.
ஐம்பத்து மூன்றில்தான் இந்தப் படம்.
பிறகு சலவைத்தூள் விளம்பரம்,
சீரியல்களில் யாருக்கோ மாமியார்.
கம்பெனி அனுப்பிய குறிப்பில் இவ்வளவுதான்.

படத்தில் அவள் மருந்துக்கடைக்காரி.
பனியில் கார் ஓட்டி வருகிறாள்.
நம்மிடம் அதற்கும் பனிதான்,
மார்கழி விடியலில் ராயக்கோட்டை ரோட்டில்
லைட்டுக்கு முன்னால் வெள்ளையாக நிற்குமே
அதற்கும் பனிதான்.
ஒரு சத்தம்.
அவள் இறங்கவில்லை.
வைப்பர் நாலு தரம் போய் வருகிறது.
வீட்டில் புருஷன் கேட்கிறான்.
கோட்டைக் கழற்றியபடி
மான் என்கிறாள்.
சொல்லும்போது பொத்தானைத்தான் பார்க்கிறாள்.
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.
அந்தப் பொத்தான் ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது.

பின்னொரு ராத்திரி தூக்கத்தில் ஒரு சொல்.
வினா என்று கேட்டது எனக்கு.
ஹெட்போனை அழுத்திக்கொண்டு மறுபடி.
வினா.
ஆங்கிலத்தில் கில்ட் என்று போட்டிருந்தார்கள்.
குற்றவுணர்வு என்று அடித்தேன்.
தூக்கத்தில் யார் குற்றவுணர்வு என்பார்கள்?
உறுத்தல்,
செருப்பில் கல் ஏறியதுபோல் இருந்தது.
பாவம்,
தடுக்கி விழுந்த பிள்ளையைக்கூடப் பாவம் என்கிறோம்.
கீழே போய் டீ குடித்தேன்.
தெரு முழுக்க மாங்கூழ் ஃபேக்டரி வாடை.

சென்றாயனுக்குப் போன் போட்டேன், ஆறு வருஷம் கழித்து.
அன்றைக்குத் தக்காளி லோடு.
அவன் ஓட்டினான், நான் பக்கத்தில்.
விடிந்ததும் பம்பரைக் கழுவினோம்.
சிவப்பாகத்தான் இருந்தது, தக்காளி என்றோம்.
பின்னால் இருக்கும் தக்காளி
முன்னால் எப்படி வந்ததென்று
இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எப்படிடா இருக்கே என்றேன்.
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் வந்தது.
அது நாய்தான்டா என்றான்.
நான் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

கடைசி நாலு நிமிஷம் அவள் பேசுவதில்லை.
முகம் மட்டும்.
தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து
மதில்மேல் உட்கார்ந்ததுபோல் பார்க்கிறாள்.
வசனமில்லாத இடத்துக்குக் கூலி கிடையாது.
மூன்று தடவை பார்த்தேன்.

விடியற்காலை ஃபைல் போனது.
மதியம் திரும்பி வந்தது, மஞ்சள் கோடு போட்டு:
வரி 212. நாய் அல்ல, மான்.
திருத்தி அனுப்பவும்.

திருத்தினேன்.
தூக்கத்தில் அவள் சொன்னதை
வினா என்றே விட்டிருந்தேன்.
அதை யாரும் கேட்கவில்லை.