நாலு வாளி

அன்டோஃபகஸ்டாவில் மழை ஒரு வதந்தி.
கமஞ்சாக்கா மூட்டம் மட்டும்
இரவில் கடலிலிருந்து ஏறிவந்து
பீங்கான் வட்டுகளில் உப்பைத் தடவிவிட்டுப் போகும்.
விடிவதற்குள் கோபுரம் பொரியத் தொடங்கும்.
நீல நாக்கொன்று
மடிப்பு மடிப்பாய் நக்கிப் பார்க்கும்,
எங்கே ஈரம், எங்கே வழி என்று.

மின்சாரத்தை நிறுத்தாமலே கழுவுவோம்.
இரண்டு லட்சத்து இருபதாயிரம் வோல்ட்டுக்கு நேரே
குழாயை நீட்டி நிற்பவள் யோவாங்கா.
அவளுக்கும் அதற்கும் நடுவே
வெறும் தண்ணீர்.
உப்பெல்லாம் உருவியெடுத்த, சப்பென்ற தண்ணீர்.
எதையும் வைத்துக்கொள்ளாததால்
எதையும் கடத்தாதது.

இன்று மானியின் முள் ஏறி நின்றது.
நிபால்டோ பூட்ஸைப் பார்த்துச் சொன்னான்:
"குறைந்திருந்தது. ஊர்க்குழாயில்
நாலு வாளி பிடித்து ஊற்றினேன்."

நாலாயிரம் லிட்டர்.
"திறந்து விடு" என்றாள்.

மேட்டுக் குடிசைகளிலிருந்து
எப்படித்தான் பார்த்தார்களோ,
பெயின்ட் டப்பா, குழந்தை குளிக்கும் தொட்டி,
கைப்பிடி போன குக்கர்.
ஒரு பையன் என் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கினான்.

ஆணையை மீறவில்லை அவள்.
வால்வை மட்டும்
முக்கால்வாசி மூடினாள், மெல்ல வரட்டுமென்று.

தலைக்கு மேல் பொரிந்துகொண்டேயிருந்தது.
அண்ணாந்து பார்த்து,
"இரு, வருகிறேன்" என்றாள்,
பால் கேட்டு அழும் பிள்ளையிடம் சொல்வதுபோல.