விளக்குக்காரன் சொன்னது

டிசம்பர் இருபத்துநான்கு.
பிள்ளை மடுவத்துத் தொட்டில் கயிறுகளை
உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு
டீவியை மேசைமேல் ஏற்றுவேன்.
மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதற்கு அண்டை கொடுப்பது போன வருசத்துக் காலண்டர் அட்டை.
பொகவந்தலாவைக் கீழ்ப்பிரிவில்
இருபத்திரண்டு வருசமாய் இதே படம்.

கறுப்பு வெள்ளை. இங்கிலீசு.
கீழே எழுத்து ஓடாது.
கதை என்று பார்த்தால் கைக்குட்டை அளவு:
மலையடிவாரத்தில் ஒரு குட்டி ஸ்டேசன்,
நத்தார் இரவு, பனி கொட்டுகிறது,
கடைசிக் கோச்சி வரவில்லை.
ஸ்டேசன் மாஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறார்.
டிக்கெட் கிழிப்பவன் போகிறான்.
விளக்குக்காரன் மட்டும்
பச்சை விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான்.
(பச்சை என்று நாங்களே முடிவு செய்தோம்.
கறுப்பு வெள்ளையில் என்ன நிறம் தெரியும்?)

விடியப் போகிற நேரம் கோச்சி வருகிறது.
நிற்கவில்லை.
ஒரு ஜன்னலில் ஒரு கை
உயர்ந்து, அசைந்து, போய்விடுகிறது.
அவ்வளவுதான் படம்.

அந்தக் கை வருகிற இடத்தில்
தராசுக்காரர் சந்தியாகு மூக்கைச் சிந்துவார்.
ஈரம் என்று இரண்டு கிலோ,
சாக்கு என்று ஒரு கிலோ
கண் இமைக்காமல் வெட்டுகிற மனுசன்.
மாரியம்மன் கோயில் முனியாண்டிப் பூசாரியும்
திருநீற்றோடு முன்வரிசையில் இருப்பார்.
கை வருவதற்குச் சற்று முன்னால்
விளக்குக்காரன் ஏதோ முணுமுணுப்பான்.
"செபம் சொல்றான் பாரு, உதடு அசையுது"
என்பாள் லூர்தம்மா, வருசம் தவறாமல்.
மந்திரம் என்பார் பூசாரி.
இரண்டில் ஒன்று என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த வருசம் டிலுக்ஷி இருந்தாள்,
உயர்தரம் படிக்க அட்டனுக்குப் போய்வருகிறவள்.
"நிப்பாட்டுங்க அண்ணே. திரும்பப் போடுங்க."
மூன்று தரம் போட்டேன்.
"அவர் செபம் ஒண்ணும் சொல்லல்ல.
'சே, கால் விறைக்குதே'ன்னு சொல்றார்."

மடுவம் ஒரு நிமிசம் சும்மா இருந்தது.
பிறகு யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லாரும்.
"எம் மாதாவே, காலா!" என்று
முந்தானையால் வாயைப் பொத்தினாள் லூர்தம்மா.
சந்தியாகுவின் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.
சரி, இனி இந்தப் படம் செல்லாக்காசு என்று நினைத்துக்கொண்டே
மீண்டும் ஓட விட்டேன்.

அவன் நிற்கிறான்.
கால் விறைக்கிறது என்று இப்போது தெரியும்.
பிரட்டுக்களத்தில் விடியற்காலையில்
செருப்பில்லாமல் நின்ற கால்களுக்கு
அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.
படத்தில் பனி பஞ்சு மாதிரி விழுகிறது.
இங்கே விழுந்தால் கொழுந்து கருகும்,
வேலை நாள் குறையும்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நேற்றுவரை அவன் ஒரு புனிதன்,
கேட்டான், கோச்சி வந்தது.
இப்போது கால் மரத்த ஓர் ஆள்.
வீட்டுக்குப் போயிருக்கலாம்.
போகவில்லை.

கை வந்தது.

சந்தியாகு மூக்கைச் சிந்தவில்லை.
எழுந்து நின்று
டீவியைப் பார்த்துக் கையை ஆட்டினார்,
பின்வரிசைக்கு மறைக்குமே என்ற நினைப்பே இல்லாமல்.
பின்வரிசை ஒன்றும் சொல்லவில்லை.

அவருடைய அக்காவை ஏற்றிக்கொண்டு
ஒப்பாரிக் கோச்சி அட்டனை விட்டுப் போன அன்று
அவருக்கு எட்டு வயசாம்.
ஒரு கையில் தம்பியாம், மறு கையில் சட்டி பானை மூட்டையாம்,
ஆட்டுவதற்குக் கை இல்லையாம்.
இது அவர் சொன்னதில்லை.
கதவைப் பூட்டும்போது லூர்தம்மா சொன்னது.

குவைத்திலிருந்து ரெஜினா அனுப்பியிருந்தாள்:
"படம் முடிஞ்சுதா? அழுதாச்சா?"
ஆச்சு என்று அடித்தேன்.
யார் என்று அவள் கேட்கவில்லை.
காலண்டர் அட்டையை எடுத்து வைத்துவிட்டு
தொட்டில் கயிறுகளை அவிழ்த்துத் தொங்கவிட்டேன்.
நாளன்றைக்கு வேலை நாள்.