ஒரு மங்கு

ஆலைச் சம்பளம் மூன்றாம் மாதமும் வரவில்லை.
வங்கிக் கிளை அதற்கு முன்பே போய்விட்டது.
பணப்பொறி இருந்த சுவரில் நாலு ஆணித் துளை.
புக்கிட் தெராப்பில் அப்போது
வேலைக்கும் குறைவில்லை, வேலை தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை.
எல்லார் தலையிலும் முடி வளர்ந்து கிடந்தது,
முடிவெட்டுபவர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
இடையில் போய்வர ஒரு தாள் இல்லை,
அவ்வளவுதான்.

ரப்பர் கொட்டையைக் காசாக்கலாம் என்றான் தியாகு.
ஒரு கொட்டை ஒரு வெள்ளி.
மறுநாள் காலை
நாலாம் நம்பர் பால்மரக் காட்டிலிருந்து
கோணிப்பையோடு வந்து நின்றார்கள்
பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோடீசுவரர்களாக.
மத்தியானத்துக்குள் ஒரு தேத்தண்ணி
நாற்பது கொட்டைக்கு ஏறியது.

அப்புறம்தான் என்னிடம் வந்தார்கள்.
ஊரில் நகலெடுக்கும் பொறி என் கடையில் மட்டும்.
கள்ளநோட்டு வந்தால்
யாரைப் பிடிப்பது என்பதில் குழப்பம் இராது.
பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிய பச்சைத் தாளில்
நானூற்றுப் பன்னிரண்டு துண்டு அடித்தேன்.
நடுவில் பால்மங்கு ஒன்று, நானே வரைந்தது.
கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கிறதாம்,
இன்னும் சிரிக்கிறார்கள்.
அடியில் எண், என் கையெழுத்து.
ஒரு மங்கு ஒரு மணிநேரம்.
யாருடையதானாலும் ஒரு மணிநேரம்.

பெருமாயி மட்டும் கையை நீட்டவில்லை.
"துண்டா?
தோட்டக் கடைத் துண்டிலேயே எங்கப்பா ஆயுசு போச்சு.
கிராணி எழுதுவான், கடைக்காரன் கிழிப்பான்.
இதுல யாரு யாருக்குக் கடன்?"
எல்லாரும் எல்லாருக்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்து வாங்கிக்கொண்டாள்.
ஆனால் ஒரு துண்டையும்
ராத்திரி வீட்டில் தங்கவிட்டதில்லை.

முப்பத்தேழாம் எண் போன வழி என் புத்தகத்தில் இருக்கிறது:
ஆ ஹொக் கடைக் கூரையை அடைத்த சிகாமணிக்கு,
சிகாமணி மகனுக்குக் கணக்குச் சொல்லித்தந்த
அமுதவாணி டீச்சருக்கு,
டீச்சரின் ரவிக்கைக்காக ரொஹானாவுக்கு,
ரொஹானா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவிய
பிம் பகதூருக்கு.
அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"அக்கா, இதை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"
நேப்பாளத்தில் இருக்கும் அவன் அம்மாவின் கூரைக்கு
சிகாமணியின் ஏணி எட்டாது.
அந்தக் கேள்வியை எழுத
என் புத்தகத்தில் கட்டம் இல்லை.

ஐந்தாவது வாரம் ஊர் திடீரென்று வறண்டது.
யாரிடமும் மங்கு இல்லை.
புத்தகத்தைப் புரட்டினால்
இருநூறு துண்டு பாதி வழியில் காணோம்.
முனியாண்டி கோயில் உண்டியலை ஆட்டிப் பார்த்தோம்.
சில்லறைச் சத்தம் இல்லை,
தாள் உரசும் சத்தம்.

கமிட்டி ராத்திரி பதினொன்று வரை பேசியது.
சாமி சொத்தைத் தொடலாமா?
வங்கியில் போடலாம் என்றார் பொருளாளர்.
எந்த வங்கி என்று யாரோ கேட்டார்கள்.
வாசலில் நின்ற பெருமாயி சொன்னாள்:
"இருநூறு மணிநேரம் இந்த ஊரு அவருக்குக் கடன்பட்டிருக்கு.
வேலை வாங்கச் சொல்லுங்க."

முனியாண்டி வேலை வாங்கினார்.
சாக்கடை தூர் வாரியாயிற்று.
பாலத்துக்குக் கைப்பிடி வந்தது,
பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரை.
தனக்கென்று அவர் கேட்டது
அரிவாளுக்கு ஒரு சாணை.

ஆலை கைமாறி வெள்ளி வந்த வாரம்
மங்குகள் என் மேசைக்குத் திரும்பின,
சாம்பார் கறையோடு, வியர்வையில் மெலிந்து.
சிகாமணி இப்போது கூரைக்கு நூற்றைம்பது கேட்கிறார்,
ஆ ஹொக் பேரம் பேசுகிறார்.
நானூற்றுப் பதினொன்று எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.

முப்பத்தேழு இல்லை.
பிம் பகதூர் ஊருக்குப் போன பெட்டியில்
அதுவும் போயிருக்கிறது.
போன மாதம் அழைத்தான்.
அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம்.
அப்படியானால் ஊர் அவருக்கு ஒரு மணிநேரம் தரவேண்டும்,
என்ன வேலை என்று கேள் என்றேன்.
கம்பி வழியே இரண்டு பேர் பேசுவது கேட்டது.
படத்தை உற்றுப் பார்த்துவிட்டு
அவர் கேட்டாராம்,
தொப்பி தைப்பீர்களா?

ரொஹானாவிடம் தலை அளவு சொல்லவேண்டும்.