இருநூற்று நாற்பத்தெட்டாவது

ஒற்றைச் செருப்புகளாகப் பதினேழு சேர்த்தேன்.
நீல வார், வெள்ளைக் குதி,
பெருவிரல் பள்ளம் விழுந்த ஹவாய்.
பிளேடால் முதலில் அறுத்த எழுத்து
அ அல்ல, ங.

மற்ற ஊர்களில் அதற்கு என்ன வேலை?
அரிச்சுவடியில் க-வுக்குப் பின்னால் நின்று
'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டு
வருஷம் முழுக்க லீவு.
திருப்பூரில் ஓவர்டைம்.
வாங், போங், இருங், சொல்லுங்,
முதலாளியைத் திட்டினாலும்
ஒரு ங் போட்டுத்தான் திட்டுவோம்.
அதனால் அதற்குக் குதிகால் பக்கத்தைக் கொடுத்தேன்.

ஏ-வின் கால் செருப்பைத் தாண்டி ஓடியது.
வேறு செருப்பில் வெட்டி ஒட்டினேன்,
நொண்டியது. நொண்டட்டும்.
சௌ, என் பெயரின் தலையெழுத்து.
சௌடேஸ்வரியைச் செ-ள-டேஸ்வரி என்று
ரேஷன் கார்டே பிரித்துப் படித்திருக்கிறது.
இங்கே அந்த ள-வை ச-வின் தோளில்
கை போட வைத்துவிட்டேன்.
இனிப் பிரிக்கட்டும், பார்க்கலாம்.

மை தடவி, அமுக்கி, ஸ்கேன் செய்து ஏற்றினால்
மென்பொருள் கேட்கிறது:
ஓரங்களைச் சீராக்கட்டுமா?
வேண்டாமுங், என்றேன், வாய்விட்டு.
எழுத்துருவின் பெயர் லொள்ளு.
தடிமன் ஒன்றுதான். ஒல்லி கிடையாது.

முதல் ஆர்டர் டொராண்டோவிலிருந்து.
கறுப்பு டீஷர்ட், நெஞ்சு நிறைய 'ஏனுங்',
நானூறு உருப்படி.
தேய்ந்த மாதிரி, வெடித்த மாதிரி,
பத்து வருஷம் துவைத்த மாதிரி,
புத்தம் புதுசாக.

செக்கிங் மேசையில் ராக்கியம்மாள்.
ஊசித்துளை, எண்ணெய்ப்பொட்டு, ஓடிய நூல்
எதுவும் அவள் டியூப்லைட்டைத் தாண்டியதில்லை.
ஏ-வில் வெடிப்பு: சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
னு-வில் சொட்டை: அம்பு.
ங்-கின் புள்ளிக்கும் ஓர் அம்பு,
வட்டமாக இல்லையாம்.
சாயங்காலத்துக்குள் நானூறும்
செகண்ட்ஸ் மூட்டையில்.

மெர்ச்சண்டைசர் நாச்சிமுத்து ஓடி வந்தார்.
"கெட்டுப்போனதுதானுங் டிசைனே!"
"அப்ப, ஒழுங்காக் கெட்டிருக்குதான்னு
எப்படிங் நான் பாக்கறது?"
அவரிடம் பதில் இல்லை.
எழுத்தைச் செய்த என்னிடமும் இல்லை.

டொராண்டோவுக்கு வேறு அடித்து அனுப்பினோம்.
மூட்டை காதர்பேட்டைக்கு எடைக்குப் போனது.

அடுத்த வாரம் ஊத்துக்குளி ரோட்டில்
கேஸ் சிலிண்டர் சுமந்து ஒரு 'ஏனுங்' மாடி ஏறியது.
குன்னத்தூர்ச் சந்தையில்
விலை படியாத ஒரு வெள்ளாடு
உடையவர் நெஞ்சில் னு-வை நக்கிக்கொண்டிருந்தது.
டீக்கடையில் பீகார்ப் பையன் ஒருத்தன்
என்ன எழுதியிருக்கிறது என்று
தன் வயிற்றைக் காட்டிக் கேட்டான்.
படித்துச் சொன்னேன்.
"அட, இது நான் தினமும் பேசறதுங்" என்றான்.
அவன் சட்டையில் ஓர் அம்பு அப்படியே இருந்தது.
பிய்க்கவில்லை.
அதுவும் எழுத்து என்று நினைத்திருப்பான்.

நினைத்தால் என்ன?
அன்றிரவு இருநூற்று நாற்பத்தேழுக்கு அடுத்த
காலிக் கட்டத்தில் அம்பை வைத்தேன்.
அச்செடுத்து ராக்கியம்மாளிடம் நீட்டினேன்.
டியூப்லைட் அடியில் பிடித்தாள்,
சாய்த்தாள், நகத்தால் சுரண்டினாள்.
"எல்லாங் கெடுத்திருக்கறீங்.
இது ஒண்ணு மட்டும் நேரா நிக்குது பாருங்"
என்று சொல்லி
அம்பின்மேல் ஓர் அம்பு ஒட்டினாள்.