படிவத்தின் பின்பக்கம்

எல் ஆல்தோவில் மூச்சு வாங்குவது
நோயல்ல, உயரம்.
சமவெளியிலிருந்து வந்த எனக்கு
மூன்றாம் மாதமும் வாங்கியது.

வியாழனும் ஞாயிறும் சந்தையில்
பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும்
பெட்ரோனா காலிசாயா
பித்தப்பைக் கல்லோடு வந்திருந்தாள்.
அவளுடைய ஸ்பானிஷ் பேரம் பேசுமளவு.
என்னுடைய அய்மாரா வணக்கம் வரை.
இடையில் செவிலியர் நிகாசியோ.

"வரக்கூடிய ஆபத்துகள்" என்றேன்.
சொல்லிக்கொண்டே அவன்
தோளுக்குப் பின்னால் கை காட்டினான்.
யாரோ நிற்கிறார்களென்று
திரும்பிப் பார்த்துவிட்டேன்.
இருவரும் சிரித்தார்கள்.
அவர்கள் மொழியில்
நடந்தது கண்ணெதிரே இருக்கிறதாம்,
வரப்போவது முதுகுக்குப் பின்னால்.
பார்க்காத சரக்குக்கு
யார் விலை சொல்வார்கள் என்றாள்.

'நோயாளியின் கேள்விகள்' என்று
படிவத்தில் மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
அவள் பதினொன்று கேட்டாள்.
வெட்டுவது நீயா, உன்னைவிடப் பெரியவரா?
அவர் காலையில் சாப்பிட்டுவிட்டு வருவாரா?
கல்லை என்னிடம் தருவீர்களா?
ஆயிரத்தில் எத்தனை பேருக்குத் தப்பாகும்?
மூன்று நான்கு என்றேன்.
அந்த மூன்று நான்கு பேரும்
கையெழுத்துப் போட்டவர்கள்தானே?

தாளைத் திருப்பினேன்.

கடைசி வரி:
'தேவைப்படும் வேறெந்தச் சிகிச்சைக்கும்.'
இதை எப்போதும் வேகமாகத்தான் படிப்பேன்.
நிகாசியோ வேகமாகப் படிக்கவில்லை.
அவள் கை உயர்த்தினாள்.
சைலன்சர் மாற்ற வண்டியை விட்டால்
கியர் பெட்டியைப் பிரிப்பாயா?
உள்ளே வேறெதையாவது கண்டால்
மூடு. எழுப்பு. சொல்.
பிறகு கேள்.
வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.
ரத்தம் நிற்காவிட்டால்? என்றேன்.
நிறுத்து. அதைக்கூடவா கேட்பாய்?
அவள் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.
மணி 4.10.

கைநாட்டு.
முப்பது வருஷம் இரும்பும் கிரீஸும்
தின்ற கட்டைவிரல்.
ரேகை விழவில்லை, வெறும் நீலப் பொட்டு.
இன்னொரு தாள், இன்னொரு நீலப் பொட்டு.
இது யார் விரலாகவும் இருக்கலாமே என்று
பதிவறையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.
நான் கேட்டதிலேயே தெளிவான சம்மதம்
தாளில் ஒரு கறை.

மறுநாள் காலை
பித்தப்பை இறுகி
ஈரலோடு ஒட்டிக் கிடந்தது.
ஈரலிலும் ஒரு துண்டு எடுத்துவிடலாம் என்று
டாக்டர் உர்கீதி கை நீட்டினார்.
பின்பக்கம், டாக்டர், என்றேன்.
என்ன பின்பக்கம்?
படித்தேன்.
முகமூடிக்குள் என் குரல் எனக்கே எட்டவில்லை.
திறந்த வயிற்றின் மேல்
ஒரு சந்தைக்காரியின் கறார்.
அவர் அப்போது பேசிய வார்த்தைகளை
எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.
ஆனால் மூடினார்.

சரியா, தவறா, இன்னும் தெரியவில்லை.
இரண்டாம் மயக்கம், இரண்டாம் வெட்டு,
நடுவில் கழியும் நாட்கள்
எல்லாம் என் கணக்கில்.

மருந்தின் மயக்கம் முழுசாய்த் தெளியட்டுமென்று
ஓர் இரவு காத்திருந்து சொன்னேன்.
நிகாசியோவின் கை இம்முறை
முன்னால் நீண்டது.
கண்டாயிற்றே.
அவன் காட்டிய வெறும் காற்றை
வெகுநேரம் பார்த்தாள்.
உதட்டை நனைக்கச் சொன்னாள்.
பிறகு,
ஆயிரத்தில் எத்தனை?

புதுப் படிவம் எடுத்தேன்.
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.