மேடு

சனிக்கிழமை காலை ஆறரைக்குத்
தள்ளுவண்டியில் களிமண் வரும்.
திடல் நடுவே கொட்டி, மிதித்து, நீர் தெளித்து
பத்து அங்குலம் உயர்த்துவார்கள்,
பிட்சர் ஏறி நின்று எறிய.
பின்னேரம் அதே மண்ணைச் சுரண்டி
அதே வண்டியில் ஏற்றி
ஜிம்முக்குப் பின்னால் தார்ப்பாயால் மூடுவார்கள்.
திடல் கிரிக்கெட்டுக்குச் சொந்தம்.
பேஸ்போல் அங்கே நாள்வாடகைக் குடி.

பதினேழு வருடம்
ரோச் அளகக்கோன், தலைமைப் பயிற்றுநர்.
உதவிப் பயிற்றுநர் எவரும் இருந்ததில்லை.
யாருக்குத் தலைமை என்று கேட்டால்
தள்ளுவண்டியைக் காட்டுவார்.

துறைமுகத்தில் இரவு வேலை,
இறங்கும் பெட்டிகளை எண்ணுகிறவர்.
விடிய ஜிந்துப்பிட்டிச் சந்தியில் ஒரு பிளேன்டீ,
பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே
திடலைச் சுற்றி ஒரு நடை.
நான் வணிகக்கல்வி ஆசிரியன்.
பற்றும் வரவும் தெரிந்தவன் என்று
ஸ்கோர் புத்தகத்தை என் கையில் திணித்தார்.
வீசித் தவறி அவுட்டானால் கே எழுத்து.
வீசாமல் பார்த்தபடி நின்று அவுட்டானால்
அதே கே-யைத் திருப்பிப் போடவேண்டும்,
கண்ணாடியில் தெரிவதுபோல்.
"ரெண்டும் அவுட்தானே, கோச்?"
"அவுட்தான். ஆனா ரெண்டும் ஒண்டில்ல."

முதல் வருடம் பதினொரு பையன்கள், ஏழு கையுறைகள்.
இடக்கைக்காரன் இர்ஷானுக்குப் பொருந்த ஒன்றுமில்லை.
பந்தைப் பிடித்து, உறையைக் கக்கத்தில் உருவி,
பிடித்த கையாலேயே எறிவான்.
அதற்குள் ஓடுகிறவன் இரண்டு தளம் தாண்டியிருப்பான்.
இருபத்துமூன்றுக்குப் பூச்சியம்.
அன்றைக்குப் பஸ்ஸில் புத்தகத்தை வாங்கி
விரல் வைத்து வாசித்தார்:
"ஆறாம் இன்னிங்ஸ், ஒரு வோக். பாத்தியளா,
ஒருத்தன் பொறுமையா நிண்டிருக்கிறான்."

பன்னிரண்டாம் வருடம் தியகமவில் இறுதிப்போட்டி.
கடைசி இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் பின்னால்,
மூன்றாம் தளத்தில் சமீர,
மட்டையோடு துவாரகன், எங்கள் ஆள்களில் வலியவன்.
கோச் காதைத் தொட்டார், பிறகு பெல்ட்டை.
அடிக்காதே, தட்டிவிடு.
தட்டினான். சமீர பாய்ந்து விழுந்தான்.
விரலுக்கும் ஹோம் தட்டுக்கும் இடையில்
ஒரு சாண்கூட இல்லை. புழுதி மட்டும்.
பெற்றோர் ஒரு மாதம் கடிதம் எழுதினார்கள்.
அவர் எவருக்கும் விளக்கம் சொல்லவில்லை.
என்னிடம், பொரளைச் சிவப்பு விளக்கில் நிற்கையில் மட்டும்:
"நாளைக்கும் அதே சைகைதான் காட்டுவன்."

இந்த வருடம் அதிபரின் கடிதம் வந்தது.
திடலில் புதுப் புல், புது விக்கெட்.
அடுத்த தவணையிலிருந்து தள்ளுவண்டி உள்ளே வரக்கூடாது.
வாசித்தார், நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தோளிலிருந்து மட்டையை எடுக்கவேயில்லை.
திருப்பிப் போட்ட கே, என்று நினைத்தேன்.
எங்கும் எழுதவில்லை.

கடைசிச் சனி, மூன்று மணி மழை,
ஜிம் தாழ்வாரத்தில் மொத்தக் கணக்குச் சொன்னேன்.
வெற்றி ஐம்பத்தெட்டு.
தோல்வி நூற்று நாற்பத்தொன்று.
மழையில் போனது, இன்றோடு, ஒன்பது.
தளங்களில் எஞ்சி, வீடு சேராமல் நின்றவர்கள்
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
அந்தக் கடைசி எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
"அவ்வளவு பேர் தளம்வரைக்கும் போயிருக்கிறான்களா?"
கப்பலில் எதிர்பாராமல் கூடுதல் பெட்டி கண்டவர்போல
முகம் விரிந்தது.

ஒரு மாதம் கழித்து, கிரிக்கெட் ஆட்டம்.
மிட்-ஓஃப் பக்கம் நேராய் உருண்ட பந்து
காரணமில்லாமல் துள்ளி,
குனிந்தவன் கையைத் தாண்டி எல்லைக்குப் போனது.
திடல் பார்க்கும் நந்தசிறி வந்தான்.
புல்லை விலக்கிப் பார்த்தான்.
குதிக்காலால் ஒருமுறை அமத்தினான், இன்னொருமுறை.
பிறகு ஜிம் பக்கம் ஒரு பார்வை பார்த்து
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.